தம்பியின் வேலையும் என் வாயும்

1

கம்பெனி முழுக்கப் பால்கோவா கொடுத்து, வாடகைக்கு மைக் எடுத்து, அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசி, சொந்தத் தம்பியின் வேலைக்கு உலை வைத்த ஆள் விருதுநகர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம். தலைவர் பதவி மட்டும் எனக்கு.

என்னை யாரும் தூண்டவில்லை. எவனும் செய்வினை வைக்கவில்லை. நானே லீவு போட்டு, நானே விமானம் ஏறி வந்து செய்தேன். பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கும்பிடு போட்டேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கலாம் என்று எடுப்பேன், முடியாது. அவ்வளவு அழகாகச் சிரித்திருக்கிறேன் படுபாவி.

ஜெர்மனிக்கு நான் வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவனை, அந்த மெஷினைச் செய்கிற ஊரிலேயே ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. வந்த புதிதில், விசா நீட்டிக்கிற அலுவலகத்தில் தலை நரைத்த ஒரு அம்மாளை "நீ" என்று கூப்பிட்டுவிட்டேன். இங்கேயும் நீ, நீங்கள் எல்லாம் உண்டு, எனக்குத்தான் நாக்கு திரும்பவில்லை. அந்த அம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் காகிதங்களில் ஒன்று குறைகிறது என்றார். அதைக் கொண்டுபோனால் இன்னொன்று குறைந்தது. பனிக்காலம் வந்து போகும்வரை குறைந்துகொண்டே இருந்தது. தமிழிலும் சரி ஜெர்மனிலும் சரி, என் வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போய் நிற்கும்.

போன வாரம் எங்கள் ஆபீசில் ஒரு கேக் வெட்டினார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேக்குக்கும் என் தம்பி வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். வருகிறேன்.

2

தம்பி பெயர் செல்வம். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டான். பேச்சு குறைவு. கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். சட்டைக் காலரில் இருக்கிற சீட்டைக் கத்தரித்தால்தான் போடுவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் "திமிரு" என்றார்கள். அப்பா "கூச்ச சுபாவம்" என்றார். தெருவில் "ஒரு மாதிரி" என்றார்கள். எங்கள் பக்கத்தில் 'ஒரு மாதிரி' என்றால் அதற்குள் எல்லா வியாதியும் அடங்கும், வியாதி இல்லாததும் அடங்கும்.

அப்பா போனபிறகு அம்மா யார் யாரையோ பிடித்து அவனைச் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேர்த்துவிட்டாள். எங்கள் ஊருக்குப் பக்கம்தான். தெருவுக்குத் தெரு தறி. நாட்டில் எவன் முட்டி பெயர்ந்தாலும் எங்க பக்கத்துத் துணிதான் கட்டுகிறார்கள் என்று நாங்கள் பெருமை அடித்துக்கொள்வோம். வெளுத்து வந்த துணியை வெட்டி, சுருட்டி, காகிதம் சுற்றி, டஜன் டஜனாகக் கட்டவேண்டும். செல்வத்துக்குச் சுருட்டிய ரோலுக்குக் காகிதம் சுற்றுகிற வேலை. பத்து வருஷத்துக்கும் மேலாக அதே மேசை, அதே பெஞ்சு. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். அந்தத் தடதடப்பு அவனுக்குப் பிடிக்கும். அதற்கு ஏற்றமாதிரி தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டு சுற்றுவான்.

அவன் மேசைக்கு எதிர் மேசை பாத்துமா. என் வயதுக்காரி. அவள் வாய்க்கு முன்னால் என் வாயெல்லாம் பால்வாடி. தம்பிக்கு அவள் வைத்த பேர் ஆபீசர். போன லீவுகளில் மதியச் சாப்பாட்டு வாளியைக் கொண்டுபோகிற சாக்கில் நான் அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். தினமும் ஒரே நாடகம்தான்.

"ஏலே ஆபீசரு, ஒனக்குப் பொண்ணு பாத்திருக்கேன்லே."

"வேண்டாம்."

"ஏம்லே? செவத்த பொண்ணு. ஒரே பிள்ள. மச்சு வீடு."

"வேண்டாம்."

"காரணத்தச் சொல்லுலே."

"பேசும்."

அந்த வரிசையே விழுந்து விழுந்து சிரிக்கும். நேற்றும் சிரித்திருப்பார்கள், முந்தாநாளும் சிரித்திருப்பார்கள். செல்வம் தலை நிமிரமாட்டான். ஆனால் பாத்துமா ஒருநாள் கேட்க மறந்துவிட்டால் காகிதம் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பானாம், கேட்கிறவரை.

அவனுக்கு ஆகாதது சங்குச் சத்தம். சாப்பாட்டுக்கும் வேலை முடிவதற்கும் ஊதுகிற சங்கு. அது ஊதுவதற்குச் செத்த முன்னால் பாத்துமா "ஆபீசரு, காது!" என்பாள். அவன் இரண்டு கையாலும் பொத்திக்கொள்வான். அவனைப் பார்த்து அந்த வரிசைப் பெண்கள் எல்லாரும் பொத்திக்கொள்வார்கள். சும்மா வேடிக்கைக்குத்தான். மேஸ்திரி வந்து பார்த்தால் கம்பெனியே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாம் இருக்கட்டும், இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

3

இங்கே எங்கள் கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கில் யோனாஸ் என்று ஒருவர் இருக்கிறார். ஆட்டிசம் உள்ளவர், பார்த்தால் நம்ம செல்வம் மாதிரியே. சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவருக்குப் போன் கிடையாது, எதுவானாலும் எழுதிக் கேட்கவேண்டும். காதில் பெரிய ஹெட்போன். மேசை அவர் கேட்ட மூலையில். ஐரோப்பா முழுக்க எந்த மெஷினுக்கு எந்தத் திருகு போகிறதோ அதை அவர்தான் அனுப்புகிறார். கிடங்கில் மற்றவர்கள் மாதிரி அவரும் சில சமயம் தப்பாக அனுப்புவார், எங்களிடம் திட்டு வாங்குவார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வேலைக்காரன் என்றால் திட்டு வாங்கவேண்டும்.

இங்கே எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். யோனாஸ் பட்டம் வாங்கி வருஷக்கணக்காக வீட்டில் இருந்தவர். எத்தனையோ நேர்முகத் தேர்வு. ஒருமுறை, "ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்களாம். "அது நீங்கள் வேலை கொடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது" என்று சொல்லியிருக்கிறார். கொடுக்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, குழுவோடு ஒட்டமாட்டார் என்று காரணம் வந்ததாம். கடைசியில் இப்படிப்பட்டவர்களை வேலையில் அமர்த்தி, கூடவே கொஞ்சநாள் இருந்து பழக்கிவிடுகிற ஒரு அம்மாள் மூலமாக இங்கே வந்து சேர்ந்தார்.

அவர் சேர்ந்த முதல் வாரம் அந்த அம்மாள் எங்களை எல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். யோனாஸுக்கு எது கஷ்டம், எப்படி நடந்துகொள்ளலாம், அவ்வளவுதான். முடிவில் கேக். நான் கேக் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கடைசிப் பத்து நிமிஷம் கேட்டிருப்பேன். கேட்டவரைக்கும் அப்படியே மனசில் தைத்துவிட்டது. எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆகா, இதுதான்! இதை நம்ம ஊரில் நம்ம செல்வத்துக்கு யார் செய்வார்? நான் செய்வேன்.

பத்து நிமிஷத்தையும் கேக்கையும் வைத்துக்கொண்டு நான் நிபுணனாகிவிட்டேன். ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஒரு மாதம் துபாய் போய் வந்தவர் கட்டிய வீடுகள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன!

4

போன கோடை விடுமுறைக்கு நான் மட்டும் வந்தேன். மனைவிக்கு லீவு இல்லை, மகள் கயலுக்குப் பரீட்சை. தடுக்க ஆளில்லை என்று அர்த்தம்.

முதலில் மதுரைக்கு அவனைக் கூட்டிப்போனேன். மருத்துவர் நிதானமாக, பல தடவை வரச்சொல்லி, கடைசியில் ஆட்டிசம் என்று சொன்னார். வராந்தாவில் நின்று அழுதேன். இத்தனை வருஷமாக ஒரு பேர்கூட இல்லாமல் இருந்துவிட்டானே என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் திருமங்கலத்தில் ஆரம்பித்து அவனுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். மூளை, நரம்பு, எல்லாம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், "செல்வம், அண்ணன் சொன்னது புரிஞ்சுதாடா?" என்றேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வருது" என்றான்.

அடுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அதற்கு நாங்கள் அலைந்ததை எழுதினால் தனிப் புத்தகம் போடலாம். போட்டோ ஒட்டினால் பின்னணி வெள்ளை இல்லை, வெள்ளை என்றால் காது தெரியவில்லை. கடைசியில் ஒரு அதிகாரியின் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவர் செல்வத்தைப் பார்த்துப் பேரைக் கேட்டார், நான் சொன்னேன். வயதைக் கேட்டார், நான் சொன்னேன். என்ன வேலை என்றார், அதற்கு நான் ஒரு சிறு உரையே ஆற்றினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க செத்த பேசாம இருங்க. அவர் சொல்லட்டும்" என்றார். செல்வம் எல்லாம் சொன்னான். பேர், அப்பா பேர், தெரு, பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் சத்திரப்பட்டி பஸ் எப்போது வரும் என்பது வரை.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். எனக்கென்று யாரும் தனியாக உறைக்கிற மருந்து கண்டுபிடிக்கவில்லை.

செல்வத்தின் கம்பெனி முதலாளியிடம் கூட்டம் போட அனுமதி கேட்கப் போனேன். ராஜுக்கள் வீட்டு மனிதர், தன்மையானவர். "வெளிநாட்டுலருந்து வந்து நம்ம ஜனங்களுக்கு நாலு நல்லது சொல்றேங்கிறீங்க, சொல்லுங்க தம்பி" என்றார். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் அந்தோணியிடம் பெட்டி பெட்டியாக வாங்கினேன். எங்கள் தெருமுனை ரேடியோ செட் கடையில் மைக்கும் பாக்ஸும் எடுத்தேன். நாற்பது பேர் உட்காருகிற கூடத்துக்கு எதற்கு மைக் என்று அந்தப் பையன்கூடக் கேட்டான். மைக் இல்லாமல் பேசினால் எனக்கே நம்பிக்கை வராதப்பா என்றேன்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். செல்வத்தை முன்வரிசையில் நான்தான் உட்காரவைத்தேன். மைக்கைக் கையில் எடுத்ததும் அது கீயென்று ஒரு கூச்சல் போட்டது. செல்வம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். அன்றைக்கு யாரும் "ஆபீசரு, காது" என்று சொல்லியிருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைக் கையால் காட்டினேன்.

"பாத்தீங்களா? இதத்தான் சொல்ல வந்தேன்."

எழுதும்போது இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தாண்டிவிடலாம் என்று நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்புறம் பேசினேன். இவர்களுக்குச் சத்தம் ஆகாது. இவர்களுக்குக் கேலி கிண்டல் புரியாது, மனசு நோகும், அதனால் செய்யாதீர்கள். இவர்களுடைய வழக்கத்தை மாற்றினால் திடீரென்று கட்டுமீறிப் போய்விடுவார்கள். 'இவர்கள், இவர்கள்' என்று பேசினேன். அங்கே இருந்தது ஒரே ஒரு செல்வம். பேச்சு முடிவதற்குள் அவன் எழுந்து தன் மேசைக்குப் போய்விட்டான். பால்கோவாவில் அவன் பங்கையும் நானே தின்றேன்.

5

நான் இங்கே திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். என்னுடைய சாப்பாட்டு இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள்.

"தம்பிய வேலைக்கு வரவேண்டாம்னுட்டாவலே."

என்ன நடந்ததென்று அம்மாவிடமும் பாத்துமாவிடமும் முதலாளியிடமும் கேட்டு ஒட்டவைத்தேன். யாரும் கெட்டது நினைக்கவில்லை. எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டு நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சத்தம் ஆகாது என்றேனா, முதலாளி இரக்கப்பட்டு அவன் மேசையைத் தறிக்கூடத்துச் சுவரை விட்டுப் பின்னால் குடோனுக்கு மாற்றியிருக்கிறார். தறிச் சத்தம் இல்லை, வரிசை இல்லை, அவனும் அட்டைப் பெட்டிகளும்தான். கேலி கூடாது என்றேனா, பாத்துமா வாயை மூடிக்கொண்டாள். பெண் பார்த்திருக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. அவன் சிரமப்படுகிறானே என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் அவன் ரோல்களையும் எடுத்துத் தாங்களே சுற்றியிருக்கிறார்கள். காலையில் போய் உட்கார்ந்தால் அவனுக்குச் சுற்ற ஒன்றும் மிச்சமில்லை.

ஒருநாள் செல்வம் குடோனிலிருந்து தன் மேசையைத் தானே இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டான். அந்த இடத்தில் கட்டிவைத்த பெட்டிகள். அவற்றைத் தள்ளிவிட்டு மேசையைப் போட முயன்றிருக்கிறான். பாத்துமா கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள். அவன் உதறியிருக்கிறான். அடுக்கு சரிந்து ஒரு பெண்ணின் காலில் விழுந்தது. வீக்கம்தான், வேறு ஒன்றுமில்லை. கட்டுப்போட அங்கே துணிக்கா பஞ்சம்?

ஆனால் கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்: "அன்னைக்கே அவுக அண்ணன் சொன்னாகல்ல, திடீர்னு இப்படி ஆகும்னு."

வேறு யார் மேசையை இழுத்திருந்தாலும் மேஸ்திரி நாலு திட்டு திட்டி வேலையைப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

முதலாளியிடம் பேசினேன். "தங்கமான பய தம்பி. ஆனா பக்கத்துல மெஷின் ஓடுது. நாளைக்கு அவனுக்கோ இன்னொருத்தருக்கோ ஒண்ணுன்னா, தெரிஞ்சே ஏன் வச்சிருந்தேன்னு கேப்பாங்கல்ல? முன்னாடி எனக்குத் தெரியாது. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. ஏம் சேஸ்தாம்?" என்று தன் வீட்டுத் தெலுங்கில் பெருமூச்சு விட்டார். 'என்ன பண்றது' என்கிறார்.

பாத்துமாதான் அழுதாள். "நீங்க சொன்ன பொறவு எனக்கு வாயே வரலண்ணே. இத்தன வருசம் பாவத்த நோகடிச்சிட்டனோன்னு ராத்திரி ஒறக்கம் பிடிக்கல. நீங்க படிச்சவுக சொல்லுறீய, நான் என்னத்தக் கண்டேன்?"

அவள் நோகடிக்கவில்லை என்று சொன்னேன். சொல்வதற்குள் ஒரு வேலை போய்விட்டிருந்தது.

6

காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டு, செல்வம் இன்னும் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்புக்குப் போகிறான். சத்திரப்பட்டி பஸ் வரும். கண்டக்டருக்கு ஆளைத் தெரியும், "ஏறலையாப்பா?" என்பார். பஸ் போனபிறகு வீட்டுக்கு வந்துவிடுவான். வந்தபிறகு சுருட்டுவான். துண்டு, லுங்கி, தலையணை உறை, காய்கிற துணி, கையில் கிடைத்ததையெல்லாம் இறுக்கமாகச் சுருட்டி, பழைய பேப்பரைச் சுற்றி, டஜன் டஜனாக அடுக்கிவிடுவான். குளித்துவிட்டுத் துண்டு வேண்டுமென்றால் பார்சலைப் பிரிக்கவேண்டும்.

"எம் முந்தானையக்கூட விடமாட்டேங்கான்லே. செத்த கண்ணசந்தா சுருட்டிருதான்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்:

"சோறு நீ போட்ருவ, அது எனக்குத் தெரியும். எனக்குப் பொறவு காலையில எந்திரிச்சு எங்கலே போவான்? அதச் சொல்லு."

சும்மா இருப்பேனா? சென்னையிலும் பெங்களூரிலும் கணினிக் கம்பெனிகளில் ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைக்கிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். நல்ல விஷயம்தான், எத்தனையோ பிள்ளைகளுக்கு வழி. உடனே செல்வத்துக்கு அனுப்பினேன். அவன் போனில் வருகிற வீடியோக்களைத் திறப்பதே இல்லை. அவனுக்குத் தெரிந்த வேலை, பிடித்த வேலை, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்தது. அதைத்தான் கெடுத்தாயிற்றே.

அந்தோணியிடம் கெஞ்சினேன். "அவன் எனக்கும் தம்பிதாம் மாப்ள, அனுப்பி விடு" என்றான். செல்வம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினான். சில நாள்தான். பிறகு போகவில்லை. ஏண்டா என்று அம்மா கேட்டதற்கு, "அங்க வேல இல்ல" என்றிருக்கிறான். எனக்குச் சுர்ரென்றது. அந்தோணியைப் பிடித்தேன்.

"மாப்ள, மாதா சத்தியமா ஒரு கொறையும் வைக்கலடா. கல்லாப் பக்கத்துல, ஃபேனுக்குக் கீழ ஸ்டூல் போட்டு உக்காரவச்சேன். பதினோரு மணிக்கு வடை, காப்பி. பெட்டி மடிக்கப் போனான், அத வாங்கி வச்சுட்டு, நீ உக்காருப்பான்னேன். ஒரு சின்ன வேலகூட சொல்லலடா!"

அவன் குரலில் அவ்வளவு அன்பு. நான் நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

இதில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. என் மகள் கயலுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், அதுவும் வாசலைத் தாண்டிக்கொண்டே. ஊருக்குப் பேசு என்றால் "என்ன பேச?" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக் கதவு திறந்திருந்தது. மேசையில் போன் சாய்த்து வைத்திருக்கிறது. திரையில் செல்வம் தரையில் உட்கார்ந்து துண்டு சுருட்டுகிறான். இந்தப் பக்கம் இவள் பாடம் படிக்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் போன் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம். ஒருமணி நேரம் கழித்து, "சித்தப்பா, வாரேன்" என்றாள். அசல் ராஜபாளையத்து 'வாரேன்'. "ம்" என்றான் அவன். வைத்துவிட்டாள்.

"எவ்வளவு நாளா இது?"

"ரொம்ப நாளா."

"என்ன பேசுவீங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை அந்த விசா அலுவலக அம்மாளிடம் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

7

இப்போது கேக்குக்கு வருகிறேன். போன வாரம் வரைபடப் பிரிவில் லேனா என்று ஒரு இளம்பெண் சேர்ந்தாள். யோனாஸ் மாதிரியேதான். அதே அம்மாள், அதே கூட்டம். நல்ல துண்டு கிடைக்கட்டும் என்று நான் இந்தமுறை ஆரம்பத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் எழுந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "நான் இப்போது சொல்லப்போவது எல்லாம் லேனா சொல்லச் சொன்னவை. சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லமாட்டேன். அவர் இங்கேதான் இருக்கிறார். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்."

பாதியில் லேனா கையைத் தூக்கினாள். அந்த அம்மாள் உடனே நிறுத்தி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்ன சொல்ல வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கேக் வெட்டினார்கள். நான் எடுக்கவில்லை. நேரே கிடங்குக்குப் போய் யோனாஸ் முன்னால் நின்றேன். எழுதிக் கேட்கவேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது. அவர் ஹெட்போனைக் கழற்றினார். உங்கள் கூட்டத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தார்களா என்றேன். ஆமாம், நீ தாமதமாக வந்தாய், செர்ரி வைத்த துண்டை எடுத்தாய் என்றார். அப்புறம் நான் செல்வத்தின் கதை முழுவதையும் கொட்டினேன். மைக், பால்கோவா, குடோன், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"கூட்டம் போடலாமா என்று அவரிடம் கேட்டாயா?"

இல்லை என்றேன். சரி என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அதே வாரம் பாத்துமா கூப்பிட்டாள். கம்பெனியில் ஆர்டர் நெருக்குகிறது, ஆள் பத்தவில்லை, செல்வத்தைக் கூப்பிடலாமே என்று அவளும் வரிசைப் பெண்களும் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"மொதலாளி முடியாதுங்கலண்ணே. அவுக அண்ணன் பயமுறுத்திட்டுப் போனவுக, அவுகளே வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், பாக்கலாம்னாரு. வாங்கண்ணே. அவன் மேசைய நாங்க பழைய எடத்துலயே போட்டு வச்சிருக்கோம்."

எனக்குக் கால் தரையில் படவில்லை. அன்றைக்கே டிக்கெட் பார்த்தேன். முதலாளியிடம் என்ன பேசவேண்டும் என்று பஸ்ஸில், குளியலறையில், மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். முன்னதைவிட நல்ல பேச்சு. மைக் இல்லை. நானே உருகிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கயல் படித்துக்கொண்டிருந்தாள். திரையில் செல்வம், மடியில் ஒரு பழைய வேட்டி. நான் உள்ளே போய் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தேன். கயல் என்னைப் பார்த்தாள், போனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள்.

"செல்வம்."

சுருட்டிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் திரும்ப அங்க வேலைக்குப் போகணுமாடா?"

கை நின்றது. இத்தனை வருஷத்தில் அவனை நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் கேள்விக்குறி போட்ட என் பேச்சு.

"ஆமா."

"பாத்துமா உன் மேசையப் பழைய எடத்துல போட்டிருக்காளாம்."

"தெரியும்."

அவனுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வருகிறேன், நேராக முதலாளியைப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அவர் என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்றேன். பிறகு, யோனாஸ் ஞாபகம் வந்து, ஒத்திகை பார்த்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு கேட்டேன்:

"அவர்கிட்ட நான் என்ன சொல்லட்டும், செல்வம்? நீ சொல்லு. நீ சொல்றத மட்டும் சொல்றேன்."

வேட்டியை முழுக்கச் சுருட்டினான். ஓரத்தை உள்ளே செருகினான். பழைய பேப்பரில் வைத்துச் சுற்றி, பக்கத்து அடுக்கில் நேராக வைத்தான். போனுக்குள் எங்கள் ராஜபாளையத்து வீட்டுத் தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. கயல் பேனாவை வைத்துவிட்டாள்.

"நீ பேசாத."